கீழே சப்பாத்து, மேலே சாப்பாடு

பனிச்சறுக்குக்குப் போடும் ஸ்கீ சப்பாத்தைக் கையில் தூக்கிப் பார்க்காதவர்களுக்கு அதன் தொல்லையை விளங்கப்படுத்துவது கஷ்டம். படத்தில் பார்த்தால் கொஞ்சம் கொழுத்த சப்பாத்து, அவ்வளவுதான். எடுத்தால்தான் தோள்மூட்டு இறங்கும். அடி வளையாது, கணுக்கால் மடங்காது, ஒன்றையொன்று கட்டிப்போட்டாலும் திசைக்கொன்றாக நிற்கும். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் கதவு திறக்கக் கையில்லை, பயணச்சீட்டு எடுக்கக் கையில்லை, மூக்கு வடிந்தால் துடைக்கவும் கையில்லை. மூன்று மாரிகாலம் சுவிஸின் லோசான் ரயில் நிலையத்தில் நின்று, கையை வீசிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஏன் பனிச்சறுக்கப் போனாய் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு மரக்கறி வெட்டும் போர்த்துக்கீசப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வேலைசெய்பவர்களுக்கான மாரிகாலச் சுற்றுலாவில், எல்லோரும் சூடான சொக்கலேட் குடித்துக்கொண்டிருந்தபோது, அவள்தான் என்னைச் சின்னப்பிள்ளைகள் பழகும் சரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அன்று முழுக்க நின்றதைவிட விழுந்ததுதான் அதிகம். பின்னேரம் ஒருமுறை மட்டும் விழாமல் கொஞ்சத் தூரம் வழுக்கிப் போனேன். அந்தக் கொஞ்சத் தூரத்தில் எனக்கு எவரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. யாருடைய சாப்பாடும் என் நினைவில் இல்லை. கீழே வந்து நின்றதும் திரும்ப மேலே போகவேண்டும் என்று நானாகவே கேட்டேன்.

அதற்குப் பிறகு மாரிகாலத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை ஆகின. வேலை முறை எப்படி வந்தாலும் யாரையாவது கெஞ்சி அந்த நாளை மாற்றி வாங்கிவிடுவேன். வாடகைச் சப்பாத்து என் காலைக் கடித்துப் புண்ணாக்கியதால், பாவித்த சப்பாத்து ஒன்றைச் சந்தையில் பார்த்து எனக்கென்று வாங்கினேன். சறுக்கு மட்டைகளை மலையிலேயே வாடகைக்கு எடுக்கலாம். சப்பாத்து மட்டும் சொந்தமாக இருக்கவேண்டும் என்று என் கால் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோயிலில் காணும் பெண்கள், இந்த வயதில் காலை முறித்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டு மோதகத்தைக் கடித்தேன்.

இவர் தடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். என் கணவருக்குப் பனியில் ஒரு விருப்பமும் இல்லை, ஆனால் ஒரு கொள்கை இருந்தது: சப்பாத்தும் சாப்பாடும் ஒரே பைக்குள் போகக்கூடாது. செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றி வளர்ந்த ஆளுக்குப் புட்டும் சம்பலும் சப்பாத்தோடு ஒட்டி உரசிக்கொண்டு போவதை நினைத்தாலே முகம் கோணும். எனக்கும் அது பிடிக்காதுதான். அதனால் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் கொழும்புக்குச் சாமான் கட்டும் பெரிய கட்டம்போட்ட பையில் என் சப்பாத்து என்று அவர் முன்னே போவார். தலைக்கவசத்தையும் கையுறையையும் அணைத்துக்கொண்டு நான் பின்னே போவேன். நான் சறுக்கும்வரை அவர் மலையடியில் கண்ணாடிச் சுவரோரம் ஒரு கோப்பியோடு இருப்பார். மத்தியானம், சொந்தச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கென்று விட்டிருக்கும் அறையில் இருவருமாகப் பெட்டியைத் திறப்போம். சுற்றிவர எல்லோரும் பாணும் சீஸும் தின்ன, எங்கள் மேசையில் மாசிக் கருவாட்டுச் சம்பல் மணக்கும்.

போன இலையுதிர்காலத்தில் இவருடைய முதுகு போய்விட்டது. களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு அது. பாரம் தூக்கவே கூடாது என்று வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்கு வேலையிடத்தில் கதிரையில் இருந்தபடி செய்யும் வேலை கொடுத்தார்கள். வீட்டில் அரிசி மூட்டையும் தண்ணீர்ப் போத்தல் கட்டும் என் கைக்கு வந்தன. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதற்பனி விழுந்த அன்று யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றபோது, என் சப்பாத்தை இனி யார் மலைக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது.

நான்தான் கொண்டுபோகவேண்டும். அதற்கு முதுகுப்பை ஒன்று வேண்டும். இணையத்தில் தேடினேன். ஸ்கீ சப்பாத்துக்கென்றே எத்தனையோ பைகள் இருந்தன. இங்கேதான் நான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழையைச் செய்தேன். இருந்ததிலேயே ஆகப் பெரிய பையைத் தெரிவுசெய்தேன். எங்களுக்குப் பை என்றால் கொழும்புப் பயணம்தான். பெரிதாக இருக்கவேண்டும், நிறைய இருக்கவேண்டும், ஒரு மூலை வெறுமையாகப் போனாலும் அது நட்டம். குளியலறைத் தராசில் ஏறி இறங்கி நிறை பார்த்து, இன்னும் கொஞ்சம் போகும் என்று ஒரு சொக்கலேட் பெட்டியைச் செருகுகிற கை இது.

அந்தப் பையையும் அந்தக் கைதான் அடுக்கியது. சப்பாத்து, தலைக்கவசம், கையுறை இரண்டு சோடி, மாற்று உடுப்பு, துவாய், சுடுதண்ணிப் போத்தல், இவருக்கு மடித்துவைக்கும் கதிரை, இடமிருக்கிறதே என்று ஒரு கம்பளிப் போர்வை. சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் இவர் தன் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டுப் படியில் இறங்கும்போதே பை என்னைப் பின்னால் இழுத்தது. லோசான் மெட்ரோ சரிவில் ஓடும் மெட்ரோ. அதில் ஏறி நின்றதும் நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு கிழவர் தன் இருக்கையைத் தர எழும்பினார்.

ஏகிள் என்ற ஊரில் பெரிய ரயிலால் இறங்கி, நிலையத்துக்கு வெளியே நிற்கும் சின்ன மலைரயிலில் ஏறவேண்டும். என் காலில் இருந்த சாதாரணச் சப்பாத்தின் நாடா அவிழ்ந்திருந்தது. அங்கே உட்காரப் போட்டிருந்த வாங்கில் பையோடு இருந்து கட்டினேன். கட்டி முடித்து எழும்பப் பார்த்தேன். முடியவில்லை. முன்னால் சாய்ந்தேன், பை சாயவில்லை. பக்கத்தால் உருண்டு பார்த்தேன், வார் கையைப் பிடித்து வைத்தது. இவர் பதறிக் கையை நீட்டினார். நானும் பிடித்தேன். இழுக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். அப்போதுதான் இருவருக்கும் அவருடைய முதுகு நினைவுக்கு வந்தது. அப்படியே கையைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்ன ரயில் மணியடித்துவிட்டு எங்களுக்கு முன்னாலேயே புறப்பட்டுப் போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பையில் கோபம், வாங்கில் கோபம், எங்கள் நிலைமையைப் பார்த்துச் சிரித்த ஒரு இளைஞர் கூட்டத்தில் ஆகப் பெரிய கோபம். வாரைக் கழற்றி எழும்பி, அடுத்த ரயிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குத் திரும்பினோம். ரயிலில் லெமான் ஏரி பக்கத்தாலேயே வந்தது, ஆனால் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பாதி ஆறிய புட்டைச் சாப்பிட்ட பிறகு இவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"இஞ்ச பாரும், இனி என்னால தூக்கேலாது. உம்மால தனியத் தூக்கேலுமெண்டால் போம். ஏலாதெண்டால் இந்தச் சறுக்கிற விளையாட்டை இதோட விடுவம்."

அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் இரக்கத்தோடு சொன்னார், அதுதான் பொறுக்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்று அப்போது விளங்கியது.

"தூக்கிக் காட்டுறன்," என்றேன். "அதுக்குப் பிறகு நீங்கள் ஒண்டும் கதைக்கக்கூடாது."

அந்த யானைப் பையைத் தபாலில் திருப்பி அனுப்பினேன். நடந்ததை வேலையில் கரட் சுரண்டியபடி சொன்னபோது போர்த்துக்கீசத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து ஒரு உருப்படியான வார்த்தையும் சொன்னாள். பையைப் படத்தில் பார்த்து வாங்காதே, உன் சப்பாத்தைக் கடைக்குக் கொண்டுபோ, உள்ளே வைத்து, தூக்கி, நடந்து பார்த்து வாங்கு என்றாள். சேலைக்கடையில் சேலையைத் தோளில் போட்டுப் பார்க்காமல் வாங்காத எனக்கு இதை ஒருத்தி சொல்லித்தரவேண்டியிருந்தது.

அடுத்த ஓய்வு நாளில் நகரத்து விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். சப்பாத்தைக் கட்டம்போட்ட பையில் கொண்டுபோனேன். தலைக்கவசம், சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் கொண்டுபோனேன். சாப்பாட்டுப் பெட்டியை உண்மையான நிறை வேண்டும் என்பதற்காகச் சோறும் பருப்பும் போட்டு நிரப்பியே கொண்டுபோனேன். விற்பனைப் பெண் இளையவள், மரியாதையானவள். அவள் ஒரு பையை எடுத்துக் காட்டி அதன் குணநலன்களைச் சொல்லத் தொடங்க, நான் கடை நடுவில் குந்தி என் சாமானைப் பரப்பினேன். அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு அவளும் பக்கத்தில் குந்தினாள்.

முதற்பையில் சப்பாத்து உள்ளே போகாது. இரண்டு பக்கமும் வெளியே கொளுவித் தொங்கும். பை லேசானது, பார்க்க ஸ்டைலாகவும் இருந்தது. போட்டுக்கொண்டு திரும்பினேன். ஒரு சப்பாத்து, பனிக்கண்ணாடி போட்டு நின்ற கடைப் பொம்மையின் கன்னத்தில் அறைந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை ரயிலில் இதோடு ஏறினால் பொம்மைக்குப் பதிலாக மனிதர்கள். அது வேண்டாம் என்றேன்.

இரண்டாவது முக்கோணப் பை. இரு பக்கமும் சப்பாத்துக்கு ஒவ்வொரு அறை, நடுவில் பெரிய வயிறு. பாரம் இடுப்போரம் நின்றது, நடக்கவும் சுகமாக இருந்தது. பெரும்பாலானோர் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். நானும் கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். சாப்பாட்டுப் பெட்டியை நடு வயிற்றில் இறக்கினேன். இடப்பக்கம் ஒரு சப்பாத்து, வலப்பக்கம் ஒரு சப்பாத்து, நடுவில் என் சோறு. இவருடைய முகம் கண்முன் வந்தது. அவரை விடுவோம், எனக்கே சாப்பிட மனம் வராது. பெட்டியை வெளியே எடுத்தேன். காரணத்தைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, எங்கள் வீட்டில் காலணியும் உணவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு உள்ளே போய், மேல்தட்டில் கிடந்த ஒரு சாம்பல்நிறப் பையைத் தூசு தட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பைக்கு இரண்டு வீடு. கீழ்வீட்டுக்குத் தனி வாசல். அதன் தரை தடித்த தார்ப்பாய், பனி உருகினால் வடிய ஓரத்தில் சின்ன ஓட்டைகள். சப்பாத்தின் கொளுக்கிகளைப் பூட்டி, ஒன்றின் மூக்கை மற்றதன் குதிகாலுக்கு நேரே வைத்துக் குறுக்கே படுக்கவிட்டால் இரண்டும் அளவாகப் போய் அடங்கின. நடுவில் தண்ணி போகாத ஒரு தடுப்பு. மேல்வீட்டில் தலைக்கவசம், அதன் குழிக்குள் கையுறை, பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டி. காலில் போடுவது கீழே, வாயில் போடுவது மேலே. மனிதரை எப்படிப் படைத்திருக்கிறதோ அந்த ஒழுங்கிலேயே பையையும் தைத்திருந்தார்கள். எனக்குக் கடையிலேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனால் ஒருமுறை பட்டவள் நான். இடுப்பு வாரைப் பூட்டி, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். பாரம் தோளில் இல்லை, இடுப்பில் இருந்தது. பிறகு சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற வாங்கில் பையோடு இருந்தேன். விற்பனைப் பெண் எதற்கு என்று விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்து எழும்பினேன். எழும்பிவிட்டேன். திரும்ப இருந்து, திரும்ப எழும்பினேன். இன்னும் கொஞ்சம் பெரிய அளவும் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று அவள் கேட்டாள். எனக்குள் இருந்த கொழும்புக் கை ஒரு தரம் துடித்தது. வேண்டாம் என்றேன். அந்த வேண்டாம் என்ற சொல்லுக்காகவே நான் எனக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் பையை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. முதல் வருடம் வழக்கம்போல் சப்பாத்தை வாசலுக்கு வெளியே விட்டு, கட்டடக் காவலாளியிடம் நல்ல பேச்சு வாங்கியிருந்தோம். அடுத்த இரண்டு வருடமும் கீழே நிலவறையில் வைத்தோம். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய், மலையில் இவர் பிடிக்க நான் மிதிக்க, கால் உள்ளே போகவே மாட்டேன் என்றது. இப்போது பை வாசற்கதவுக்குப் பின்னால் கொளுக்கியில் தொங்கியது. சப்பாத்து வீட்டுக்குள்தான், ஆனால் தன் வீட்டுக்குள். கீழ் வாசலைத் திறந்துவிட்டால் காற்றுப்பட்டுக் காயும். இவர் வந்து சுற்றிப் பார்த்தார். தடுப்பைத் தட்டிப் பார்த்தார். சாமித்தட்டுக்கு நேரே மாட்டவேண்டாம் என்று கொளுக்கியை மட்டும் ஒரு சாண் தள்ளி அடித்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கதைக்கக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போர்த்துக்கீசத்திக்கு வேலை. நான் தனியே போனேன். இவர் விடிய எழும்பி எனக்குப் புட்டு அவித்தார். கேட்காமலேயே அவித்தார். நான் பெட்டியை மேல்வீட்டில் வைத்தேன். வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்ட, அவர் கதவைத் திறந்து பிடித்தார். அவர் பிடிக்காவிட்டாலும் நான் திறந்திருப்பேன், கை சும்மாதானே இருந்தது.

லோசான் நிலையத்தில் கையை வீசிக்கொண்டு நடந்தேன். வேண்டுமென்றே வீசினேன். கோப்பி வாங்கினேன், குடித்துக்கொண்டே நடந்தேன். ரயிலில் பை என் காலுக்கு முன்னால் ஒழுக்கமாக நின்றது. ஏரியை இந்த முறை முழுதாகப் பார்த்தேன். ஏகிளில் இறங்கியதும் நேரே அந்த வாங்குக்குப் போனேன். நேரமிருந்தது. பையோடு இருந்தேன். எழும்பினேன். மலைரயில் சாரதி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக இன்னொருமுறை இருந்து எழும்பினேன். பிறகு ஏறினேன். எதிரே இருந்த தம்பதியின் சப்பாத்துகள் ஆளுக்கொரு பக்கம் உருண்டு திரிந்தன. அந்தப் பெண் என் பையை நெடுநேரம் பார்த்துவிட்டு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். கடையைச் சொன்னேன். சாப்பாடு நிரப்பிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லவும் மறக்கவில்லை.

மேலே, பையின் முதுகுப் பக்கத்தை விரித்தால் பாயாகும் என்பதைக் கண்டுபிடித்தேன். ஈரத்தில் கால் படாமல், காலுறையோடு அதில் நின்று சப்பாத்தை மாட்டினேன். வீட்டுச் சூடு ஆறாத சப்பாத்துக்குள் கால் ஒரே தள்ளில் போனது. பையைச் சாப்பாட்டு அறையில் மாட்டிவிட்டு, நான் இதுவரை பாதியிலேயே இறங்கிவிடும், கம்பியில் தொங்கியபடி ஏறும் கதிரைத் தூக்கியில் உச்சிவரை போனேன். உச்சியில் நின்று கீழே பார்த்தபோது மலையடிக் கட்டடம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ஆனாலும் இறங்கினேன். வளைந்து வளைந்து, யாரையும் இடிக்காமல், ஒருமுறையும் விழாமல், உச்சியிலிருந்து அடிவரை. கீழே வந்து நின்று தமிழில் ஒரு கத்துக் கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலையில் எல்லோரும் ஏதோ ஒன்றைக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

கத்தி முடித்துக் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் கையை அசைத்தேன். பழக்கதோஷம். அந்த மேசையில் வேறு யாரோ இருந்தார்கள். மத்தியானம் பெட்டியைத் திறந்தபோது புட்டு மென்மையாக, சம்பல் உறைப்பாக, சப்பாத்து வாசம் துளியும் இல்லாமல் இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன். ஆனால் நடுவே இரண்டு தரம் எதிர்க் கதிரையைப் பார்த்தேன்.

பின்னேரம் லோசானில் இறங்கினால் மேடையில் இவர் நிற்கிறார். வரச்சொல்லவில்லை. எப்போது வருவேன் என்றும் சொல்லவில்லை. வந்த ரயிலெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும், காது சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் பழக்கத்தில் கையை நீட்டினார். நான் பையைக் கழற்றவில்லை. உச்சியிலிருந்து இறங்கியதைச் சொன்னேன், வாங்கைச் சொன்னேன், பை கேட்ட பெண்ணைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டார்.

"அப்ப இனி நான் வரத் தேவையில்லை," என்றார்.

மூன்று வருட முணுமுணுப்பின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் ஏறியது. அவர் சுமக்க வரவில்லை. என்னோடு வருவதற்கு அவருக்கு ஒரு சுமை தேவைப்பட்டிருக்கிறது.

"தூக்கிறதுக்கு வரத் தேவையில்லை," என்றேன். "சாப்பிட வாங்கோ. இண்டைக்கு எதிர்க் கதிரையைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டனான்."

அவர் சட்டைப்பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தார். பிறகு, சாப்பாட்டுப் பெட்டியையாவது தரும்படி கேட்டார். மேல்வீட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பெட்டி. அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பையோடு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் வீடுவரை நடந்தேன்.